அப்பா அம்மாவை சீனியர் குடியிருப்புக்கு மாற்றுவதா? கோவையை வைத்து ஓர் ஒப்பீடு

பிள்ளைகள் பெங்களூரிலோ நியூஜெர்சியிலோ இருக்க, பெற்றோர் ஈரோட்டிலோ மயிலாப்பூரிலோ தனியாக இருக்கும் குடும்பங்களில் இந்தப் பேச்சு பெரும்பாலும் யாராவது ஒருவர் குளியலறையில் வழுக்கி விழுந்த பிறகுதான் தொடங்குகிறது. லீவு எடுத்துக்கொண்டு கோவைக்கு வந்து, வடவள்ளி, தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஐந்தாறு இடங்களை இரண்டே நாளில் சுற்றிப் பார்த்து, ஒன்றுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறார்கள். அந்த இரண்டு நாளில் விசாரிப்பது வாடகை, சாப்பாடு, தோட்டம், கோயில். அங்கே குடியேறப் போகிறவருக்கு மனம் ஒட்டுமா, ஒட்டாவிட்டால் திரும்பி வர என்ன வழி என்பதை யாரும் கேட்பதில்லை.

இந்த ஒப்பீட்டில் முக்கியத்துவத்தின் வரிசை வேறு. திரும்பி வர வழி முதலில், பராமரிப்பு அடுத்து, செலவு அதற்குப் பிறகு. திரும்ப முடியும் என்று தெரிந்தவர்தான் நிம்மதியாகத் தங்கிப் பார்க்கிறார். கதவை அடைத்துவிட்டு அனுப்பப்பட்டவருக்கு நல்ல சாப்பாடும் கசக்கும்.

முதலில் ஆறு வேலைகள்

குளிப்பது, உடுத்துவது, கழிப்பறைக்குப் போய்வருவது, கட்டிலிலிருந்து எழுந்து நாற்காலிக்கு மாறுவது, சிறுநீர் மலத்தை அடக்குவது, தானே சாப்பிடுவது. ஒருவர் அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்கிறாரா என்று பார்க்க 1963 முதல் புழக்கத்தில் உள்ள காட்ஸ் அளவுகோல் இந்த ஆறைத்தான் கேட்கிறது. தானே செய்தால் ஒன்று, ஆள் வேண்டுமென்றால் பூஜ்யம். ஆறுக்கு ஆறு வாங்குகிறவர் தனிக் குடியிருப்பில், அதாவது சீனியர் வளாகத்துக்குள் தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டு வாழும் வீட்டில், இருக்கலாம். நான்கோ ஐந்தோ என்றால் தனிக் குடியிருப்போடு பகல்நேர ஆள். மூன்றும் அதற்குக் கீழும் என்றால் அசிஸ்டட் லிவிங் (குளிக்க, உடுத்த ஆள் கூட இருந்து உதவும் பிரிவு), அல்லது வீட்டில் இரண்டு ஷிப்ட் ஆள். இந்தக் கோடுகள் கல்லில் எழுதியவை அல்ல, ஆனால் தொடங்க இது போதும்.

போனில் கேட்டு மதிப்பெண் போட முடியாது. "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பதுதான் எல்லா அப்பாக்களின் பதிலும். மூன்று நாள் கூடவே தங்கிப் பாருங்கள். குளித்துவிட்டு வந்தவரின் முதுகு ஈரமாக இருக்கிறதா, வேட்டியை உட்கார்ந்து கட்டுகிறாரா, இரவில் எத்தனை முறை எழுகிறார், மாத்திரை அட்டையில் கிழமையும் மாத்திரையும் ஒத்துப்போகின்றனவா. ஆறு வேலைகளையும் தானே செய்துகொண்டு, மாத்திரையை மட்டும் மாற்றி மாற்றிப் போடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அசிஸ்டட் லிவிங் தேவையில்லை. நாளுக்கு இரண்டு முறை மருந்து எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் உள்ள தனிக் குடியிருப்பு போதும்.

சொந்த வீட்டில் ஆள் வைப்பதா, அங்கே போவதா?

வீட்டில் இருந்தால் இடம் பழக வேண்டியதில்லை. இது பெரிய அனுகூலம். ஆனால் ஆளைப் பழக வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. ஏஜென்சி அனுப்பும் அட்டெண்டர் பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ போனால் வேறொருவர் வருவார். அவருக்கு டிகாக்‌ஷன் போடும் பதம் முதல் இன்சுலின் ஊசி இருக்கும் இடம் வரை எல்லாவற்றையும் மறுபடி சொல்லிக் கொடுக்க வேண்டியவர் எண்பது வயது அம்மாதான்.

அடுத்தது தூக்கக் கணக்கு. "24 மணி நேர ஆள்" என்று ஒருவரை வைத்தால் அவரும் இரவில் தூங்கத்தான் செய்வார். இரவில் ஒருமுறை எழுப்பினால் சமாளிப்பார். மூன்று முறை எழுப்பினால் இரண்டே வாரத்தில் வேலையை விட்டுவிடுவார். அப்படிப்பட்ட வீட்டுக்கு 12 மணி நேர ஷிப்டில் இரண்டு பேர் வேண்டும். ஷிப்டுக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும் மாதம் 48,000. சமையல் ஆள், மளிகை, கரண்ட், வீட்டு வரி எல்லாம் இதற்கு மேல். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் குடியிருப்பின் மாதக் கட்டணத்தைப் பார்த்து மலைப்பது நியாயமில்லை.

பேச்சுத்துணை என்று பார்த்தால் குடியிருப்புதான் முன்னால் நிற்கிறது. வீட்டில் அட்டெண்டர் போனைப் பார்ப்பார், அம்மா சீரியல் பார்ப்பார், ஒரு நாள் முழுக்க நாலு வாக்கியம் பேசியிருப்பார்கள். ஆனால் தெருவே சொந்தமாக இருக்கும் ஊர்கள் இன்னும் உண்டு. காலையில் பால்காரர், எதிர்வீட்டு மருமகள், கோயில் குருக்கள் என்று பத்துப் பேர் அப்பாவைப் பார்த்துப் பேசிவிட்டுப் போகும் வீட்டிலிருந்து அவரைக் கிளப்புவதை ஒன்றுக்கு இரண்டு முறை யோசியுங்கள். அங்கே கைப்பிடிக் கம்பிகள், இரவு விளக்கு, ஒரு நல்ல ஆள் என்று செலவழித்தாலே இரண்டு மூன்று வருடம் ஓடும்.

பிள்ளையின் வீட்டுக்கே அழைத்துப் போவது பற்றிச் சுருக்கமாக: பகலில் எல்லோரும் வேலைக்குப் போய்விடும் பதினைந்தாவது மாடி ஃபிளாட்டில், மொழி தெரியாத ஊரில், அம்மா படும் தனிமை குடியிருப்பில் வரக்கூடியதைவிட அதிகம். பேரக்குழந்தைகள் சிறியவர்களாக இருக்கும்வரை இது ஓடும். அவர்கள் ட்யூஷனுக்குப் போக ஆரம்பித்ததும் நின்றுவிடும்.

மாதக் கட்டணமே கொடுக்க முடியாதவர்களுக்கு அறக்கட்டளைகள் நடத்தும் இல்லங்கள் உண்டு. சுனாமிக்குப் பிறகு ஹெல்ப்ஏஜ் இந்தியா என்ற முதியோர் தொண்டு நிறுவனம் கடலூர் மாவட்டத்தில் அமைத்த தாமரைக்குளம் முதியோர் கிராமம் தெரிந்த உதாரணம். அங்கெல்லாம் இடம் கிடைப்பதும் தகுதியும் தனிக் கதை. உங்கள் மாவட்டத்தில் என்ன உண்டு என்று 14567 என்ற முதியோர் உதவி எண்ணில் கேட்கலாம்.

வாடகையா, லீஸா, வாங்குவதா?

கோவைக் குடியிருப்புகளில் மூன்று விதமும் உண்டு. விற்பனைப் பிரிவில் உட்கார்ந்தால் வாங்கச் சொல்லித்தான் பேச்சு போகும். மனம் ஒட்டுவதை வைத்துப் பார்த்தால் முதல் வருடம் வாடகைதான் சரி, வீடு வாங்குவது கடைசி.

காரணம் மறுவிற்பனை. சீனியர் குடியிருப்பு வீட்டை யாருக்கு வேண்டுமானாலும் விற்க முடியாது. குடியேறுகிறவருக்கு 50 அல்லது 55 வயது ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பல ஒப்பந்தங்களில் இருக்கும். நிர்வாகத்தின் சம்மதமும் பெயர் மாற்றுக் கட்டணமும் கேட்பார்கள். ஆகவே வாங்க வருகிறவர்கள் குறைவு. வீடு விற்கும்வரை, ஆள் இல்லாவிட்டாலும், மெயின்டனன்ஸ் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முத்திரைத்தீர்வைக்கும் பதிவுக்கும் போன பணமும் வராது. இத்தனையும் தலையில் இருக்கும்போது, "எனக்கு இங்க பிடிக்கலை" என்று அம்மா சொன்னாலும் பிள்ளைகள் காதில் வாங்க மாட்டார்கள். இவ்வளவு பணம் போட்டாயிற்றே என்று அம்மாவும் சொல்லாமல் விட்டுவிடுவார். அதுதான் இன்னும் மோசம்.

லீஸ் நடுவில் நிற்கிறது. பெரிய தொகையைக் கட்டிவிட்டு, வெளியேறும்போது அதைத் திரும்பப் பெறும் ஏற்பாடு. எத்தனை நாளில் திருப்பித் தருவார்கள், வருடத்துக்கு இவ்வளவு விழுக்காடு கழிப்பார்களா, அடுத்தவர் வந்த பிறகுதான் பணமா என்ற மூன்றையும் பாருங்கள். மூன்றாவது நிபந்தனை இருந்தால் அதை வாங்குவதற்குச் சமமாகவே எண்ணுங்கள்.

வருமான வரிக் கணக்கு ஒன்று குடும்பங்களை அவசரப்படுத்துகிறது. பழைய வீட்டை விற்று வந்த ஆதாயத்துக்கு விலக்கு வேண்டுமென்றால் இரண்டு ஆண்டுக்குள் வேறு வீடு வாங்க வேண்டும் என்று ஆடிட்டர் சொல்வார். உடனே சீனியர் ஃபிளாட்டை வாங்கிப் போட்டுவிடுவார்கள். பழைய வீட்டை விற்காமல் இருந்தால் இந்தக் கெடு ஓடவே தொடங்காது. ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் வாடகைக்குப் போவது, ஒரு வருடம் கழித்து மனசு ஒட்டிய பிறகு விற்பது, அதன் பிறகு வாங்குவதா என்று யோசிப்பது. அதுவரை பழைய வீட்டை வாடகைக்கு விடவும் வேண்டாம். குடித்தனம் வைத்துவிட்டால் திரும்பும் வழியும் அடைபட்டது. வாரம் ஒருமுறை யாராவது திறந்து, குழாயைத் திறந்துவிட்டு, விளக்கேற்றிவிட்டுப் போனால் போதும்.

வீட்டைப் பிள்ளைகள் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டுப் போகலாமே என்ற பேச்சும் இந்தச் சமயத்தில்தான் வரும். மாற்றம் நடக்கும் வருடத்தில் அது வேண்டாம். எழுதியே ஆக வேண்டுமென்றால், பெற்றோரின் பராமரிப்பையும் தேவைகளையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம், 2007, பிரிவு 23, அந்த நிபந்தனை மீறப்பட்டால் எழுதிக் கொடுத்ததைச் செல்லாது என்று அறிவிக்க வழி தருகிறது. நிபந்தனை வாய்ப்பேச்சாக இருந்தால் நிரூபிக்கும் பாடு பெரிது.

மூன்று நாள், ஒரு மாதம், மூன்று மாதம்

வாங்குவதற்கு முன் தங்கிப் பார்ப்பதை எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு நாள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

மூன்று நாள் தங்கினால் அது விருந்தாளி அனுபவம். கெஸ்ட் ரூம், மேனேஜர் வந்து நலம் விசாரிப்பது, வாரத்தின் நல்ல மெனு. திரும்பும்போது அம்மா "நல்லாத்தான் இருக்கு" என்பார், அதை வைத்து முடிவெடுத்தால் தவறு. கட்டடம், குளியலறை, மெஸ் சுவை இவற்றைப் பார்க்க மூன்று நாள் போதும். மனம் ஒட்டுமா என்று அதில் தெரியாது.

ஒரு மாதம் என்பது சிக்கலான நீளம். முதல் வாரம் புதுமையில் ஓடிவிடும். இரண்டாவது மூன்றாவது வாரத்தில்தான் கஷ்டம் வரும். மெனு சுற்றி வந்துவிட்டிருக்கும், டைனிங் ஹாலில் யார் யாரோடு உட்காருவது என்ற பழைய கூட்டணிகள் தெரிந்துவிட்டிருக்கும், தூக்கம் கெட்டிருக்கும். அந்தப் பள்ளத்தில் நிற்கும்போது மாதம் முடிந்தால், மூன்று மாதம் இருந்திருந்தால் ஒட்டியிருக்கக்கூடியவரும் "வேண்டாம்" என்றே சொல்வார்.

ஆகவே மூன்று மாதம். பழக மூன்று முதல் ஆறு மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் மாதக் கடைசியில் திசை தெரிந்துவிடும். சொல்லும் விதமும் முக்கியம். "போய்ப் பாருங்க, பிடிச்சுடும்" என்று அமுக்காமல், "அப்பா, தை பிறந்ததும் போறோம், பங்குனி வரைக்கும் இருந்து பாருங்க. வேண்டாம்னு நீங்க சொன்னா வேண்டாம். வீட்டுச் சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று முடியும் தேதியோடு சொல்லுங்கள். சாவியை உண்மையிலேயே கையில் கொடுங்கள். தை முதல் பங்குனி வரை கோவையில் மாலை நடைக்கு வசதியான காலம். வெளியே நடமாட்டம் இருந்தால்தான் பழக்கம் ஏற்படும், அடைமழையில் அறையில் அடைந்து கிடந்தால் ஏற்படாது. ஆடியிலும் மார்கழியிலும் எப்படியும் பெரியவர்கள் வீடு மாற ஒப்ப மாட்டார்கள். பால் காய்ச்சுவதை மூன்று மாதம் முடிந்து, இருப்பது என்று அவர்களே முடிவெடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். முன்பே காய்ச்சிவிட்டால் அது வெள்ளோட்டம் என்று யார் நம்புவார்?

அந்த மூன்று மாதத்தில் ரேஷன் கார்டு, ஆதார் முகவரி எதையும் மாற்றாதீர்கள். கேஸ் இணைப்பை ஒப்படைக்காதீர்கள். பிறகு அங்கேயே தொடர்ந்தாலும், மத்திய அரசு ஓய்வூதியரானால் ஆயுள் சான்று நவம்பரில், 80 வயது தாண்டியவருக்கு அக்டோபர் முதலே. போனில் முகத்தைக் காட்டி முடித்துவிடலாம், வங்கிக்கு அலைய வேண்டியதில்லை.

மறதி நோய் இருந்தால் இதெல்லாம் தலைகீழ்

டிமென்ஷியா உள்ளவருக்கு மேலே சொன்ன வெள்ளோட்டம் பொருந்தாது. போய்வருவதும், மறுபடி போவதும் ஒவ்வொரு முறையும் அவருக்குப் புது இடப்பெயர்ச்சிதான். ஒரே ஒரு மாற்றம், அதுவும் கடைசிவரை இருக்கக்கூடிய இடத்துக்கு. "மூன்று மாதம் கழித்து முடிவெடுக்கலாம்" என்ற பேச்சு அவருக்கு நினைவில் நிற்காது, பதற்றம் மட்டும் நிற்கும். ஒரு வாரம் முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருப்பதைவிட, அன்று காலை அமைதியாகச் சொல்லி அழைத்துப் போவது நல்லது. காலை உணவுக்குப் பிறகு, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும். சாயங்காலத்தில் இவர்களுக்குக் குழப்பம் கூடும், அந்த நேரத்தில் புது அறைக்குள் நுழைய வைத்தால் முதல் இரவே கலவரம்.

தனிக் குடியிருப்புக்கும் மறதிப் பராமரிப்புப் பிரிவுக்கும் இடையில் ஊசலாடும் குடும்பங்கள் ஒன்றைப் பார்க்கலாம்: அவர் தானாக வெளியே நடந்து வழி தவறியிருக்கிறாரா? ஒருமுறை நடந்திருந்தாலும் தனிக் குடியிருப்பு வேண்டாம். மலையடிவாரம் என்று விளம்பரத்தில் அழகாகப் போடும் தொண்டாமுத்தூர், நரசீபுரம் பகுதிகளில் யானை நடமாட்டம் உண்டு என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இடத்தைப் பார்க்கும்போது தொட்டுப் பார்க்க வேண்டியவை

குளியலறையில் அவசர அழைப்பு மணி இருக்கிறது என்று காட்டுவார்கள். அது எந்த உயரத்தில்? விழுந்தவர் தரையில் கிடப்பார். மணியின் கயிறு தரையிலிருந்து ஒரு சாண் உயரம்வரை தொங்க வேண்டும். அதை இழுத்துப் பாருங்கள், யார் எத்தனை நிமிடத்தில் வருகிறார்கள் என்று கடிகாரத்தில் பாருங்கள். பகல் 11 மணிக்கு இழுத்தால் ஓடி வருவார்கள். தங்கிப் பார்க்கும் நாட்களில் இரவு 2 மணிக்கு ஒருமுறை இழுத்துப் பாருங்கள், சங்கடப்பட வேண்டாம்.

கழிப்பறை இருக்கை தரையிலிருந்து 45 முதல் 48 செ.மீ., கைப்பிடிக் கம்பி 80 முதல் 90 செ.மீ., சக்கர நாற்காலி போக வாசல் அகலம் 90 செ.மீ., சாய்வுப் பாதை ஓர் அடி ஏற 12 அடி நீளம். டேப் கொண்டு போய் அளந்துவிடுங்கள். கம்பியைப் பிடித்து உங்கள் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பாருங்கள். டைல்ஸில் ஒட்டியதுபோல் இருக்கும் கம்பி ஒருநாள் டைல்ஸோடு கையில் வரும்.

ஆஸ்பத்திரி தூரத்தை கிலோமீட்டரில் கேட்காதீர்கள். கோவையின் மேற்குப் பக்கம் அமைதியானது, ஆனால் பெரிய மருத்துவமனைகளில் பல ஊரின் மறுபக்கம் அவினாசி சாலையை ஒட்டி இருக்கின்றன. எலும்பு முறிவுக்குப் பெயர்போன கங்கா மருத்துவமனை மேட்டுப்பாளையம் சாலையில். மாலை 6 மணிக்கு ஒரு காரில் நீங்களே போய்ப் பாருங்கள், அதுதான் உண்மையான தூரம். இதய நோயாளிக்கு இது முதல் கேள்வி. மூட்டுவலிக்காரருக்கு அவ்வளவு இல்லை.

மெஸ். பல குடியிருப்புகளில் சைவம் மட்டுமே. சில இடங்களில் அறைக்குள்ளும் முட்டை, மீன் சமைக்க அனுமதியில்லை. வாரம் இரண்டு நாள் மீன் சாப்பிட்டுப் பழகிய அப்பாவை அங்கே சேர்த்துவிட்டு "ஏன் ஒட்டவில்லை" என்று கேட்பதில் அர்த்தமில்லை. காலை 5 மணிக்குக் காபி குடிப்பவருக்கு மெஸ் காபி 6:30க்குத்தான் என்றால், அறையில் ஃபில்டரும் இண்டக்‌ஷன் அடுப்பும் வைத்துக்கொள்ளலாமா என்று கேளுங்கள். இந்த ஒன்றுக்குச் சம்மதம் கிடைத்தாலே பாதிப் பழக்கம் வந்துவிடும்.

ஒப்பந்தத்தில் தேட வேண்டிய வரிகள்: வெளியேற எத்தனை நாள் முன்னறிவிப்பு, பத்து நாள் ஊருக்குப் போனால் சாப்பாட்டுக் கட்டணம் கழியுமா, ஆஸ்பத்திரியில் யார் கூட இருப்பார்கள், வருடாந்தர உயர்வுக்கு உச்சவரம்பு உண்டா, தம்பதியில் ஒருவர் காலமானால் கட்டணம் எப்படி மாறும், படுக்கையில் விழுந்தால் அங்கேயே வைத்துப் பார்ப்பார்களா அல்லது அழைத்துப் போகச் சொல்வார்களா. கடைசிக் கேள்விக்குத் தெளிவான பதில் இல்லாத இடம் ஐந்து வருட ஏற்பாடுதான், வாழ்நாள் ஏற்பாடு அல்ல. 2019இல் மத்திய அரசு ஓய்வுக்கால இல்லங்களுக்கு மாதிரி வழிகாட்டி ஒன்றை வெளியிட்டது. ஆனால் அது மாதிரிதான். உங்களைக் காப்பது கையெழுத்திடும் காகிதம். விற்பனைத் திட்டமானால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு எண்ணையும் சரிபாருங்கள்.

சாமான்: முழுவீட்டையா, ஒரு பெட்டியையா?

புதுக் கட்டில், புது மெத்தை, புது டிவி என்று அறையை அலங்கரித்து வைத்து ஆச்சரியப்படுத்துவது நல்லெண்ணம்தான், பலன் கெட்டது. தலையணை முதல் பழையது வேண்டும். ஆனால் வீட்டுச் சாமான் முழுவதையும் 400 சதுர அடிக்குள் அடைத்தால் நடக்க இடமிராது. காலில் இடித்து விழுவதற்கு அதுவே வழி.

நடுவழி: கட்டில் புதியதாக இருக்கலாம், 45 முதல் 50 செ.மீ. உயரத்தில், உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் படும்படி. பழைய கட்டிலில் எந்தப் பக்கம் இறங்குவாரோ அதே பக்கம் இங்கும் கழிப்பறை வரும்படி போடுங்கள். இருபது வருடமாக இடதுபுறம் இறங்கிய கால் தூக்கக் கலக்கத்தில் இங்கும் இடதுபுறம்தான் இறங்கும், அங்கே சுவர் இருந்தால் தடுமாறும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு விளக்கு, வழியில் மிதியடி இல்லாமல். பழைய வீட்டிலிருந்து சாய்வு நாற்காலி, பூஜைப் படங்கள், சுவர்க் கடிகாரம், அஞ்சறைப் பெட்டி, அவர்கள் தினமும் கையாளும் ஆறேழு பாத்திரம். நகையையும் பத்திரங்களையும் லாக்கரில் வைத்துவிட்டு ரசீது நகலை மட்டும் கொடுங்கள்.

எதைக் கொண்டு போவது என்பதை அம்மாவே எடுத்து வைக்கட்டும், நீங்கள் தூக்கிக் கொடுத்தால் போதும். உடைந்த இட்லித்தட்டை ஏன் எடுக்கிறாய் என்று கேட்காதீர்கள்.

முதல் வாரம் கூட இருப்பதா, விட்டுவிட்டு வருவதா?

இரண்டு கட்சி உண்டு. விட்டுவிட்டு வந்தால் சீக்கிரம் பழகுவார்கள் என்பது ஒன்று, பதினைந்து நாள் கூட இருக்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டுமே முழுதாகச் சரியில்லை. பதினைந்து நாள் நீங்கள் இருந்தால் மூன்று வேளையும் உங்களோடுதான் சாப்பிடுவார்கள், மேசையில் புதியவர் யாரும் வந்து உட்கார மாட்டார்கள். இரண்டு இரவு கூடத் தங்குங்கள். மூன்றாம் நாள் ஊருக்குள்ளேயே வேறு இடத்தில் தங்கி மாலையில் மட்டும் வாருங்கள். ஐந்தாம் நாள் கிளம்புங்கள். கிளம்பும்போது சொல்லிவிட்டுப் போங்கள், தூங்கும்போது நழுவ வேண்டாம். அடுத்து வரும் தேதியைக் காலண்டரில் வட்டமிட்டுவிட்டுப் போங்கள். அந்த வருகை இரண்டாம், மூன்றாம் வாரத்தில் வர வேண்டும், கஷ்டம் அப்போதுதான். முதல் நாளிலேயே லீவு எல்லாவற்றையும் செலவழித்துவிடாதீர்கள்.

போன் தினமும் ஒரே நேரத்தில், பத்து நிமிடம். நாளுக்கு ஐந்து முறை கூப்பிட்டால் அறையை விட்டு நகர மாட்டார்கள். "சாப்பிட்டீங்களா, தூங்கினீங்களா" என்பதைவிட "பக்கத்து ரூம் மாமி இன்னைக்கு என்ன சொன்னாங்க" என்று கேளுங்கள். பெயர்கள் பேச்சில் வரத் தொடங்கினால் ஒட்டுகிறது என்று பொருள்.

அழுதால் உடனே அழைத்து வர வேண்டாம், அதட்டவும் வேண்டாம். "கஷ்டமாத்தான் இருக்கும்மா. பங்குனி வரைக்கும்னு பேசினோம், அதுக்குள்ள எதை மாத்தினா நல்லா இருக்கும், சொல்லு" என்றால், பெரும்பாலும் ரசத்தில் காரம், பக்கத்து அறை டிவி சத்தம், துணி துவைக்கும் கிழமை என்று சரிசெய்யக்கூடிய ஏதாவது ஒன்று வெளியே வரும்.

மருந்து நேரம் மாறுவதைக் கவனியுங்கள். வீட்டில் இரவு 8:30க்குச் சாப்பிட்டவர் இங்கே 7 மணிக்குச் சாப்பிடுவார். இன்சுலினோ கிளிமிப்ரைடு போன்ற சர்க்கரை மாத்திரையோ பழைய கடிகாரப்படியே போனால் சர்க்கரை இறங்கிவிடும். கிளம்பும் முன்பே டாக்டரிடம் புது உணவு நேரத்தைச் சொல்லி அட்டவணையை மாற்றி எழுதி வாங்குங்கள். தைராய்டு மாத்திரைக்கும் காபிக்கும் இடையே அரை மணி முதல் ஒரு மணி இடைவெளி புது இடத்திலும் தொடர வேண்டும்.

எது பழக்கக் குறைவு, எது நோய்?

வருத்தம், எரிச்சல், தூக்கக் குறைவு முதல் வாரங்களில் எதிர்பார்க்கக்கூடியவை. ஆனால் திடீரென்று, ஓரிரு நாளில், நாள் கிழமை தெரியாமல் குழம்புவது, இல்லாதவர்களைப் பார்ப்பதாகச் சொல்வது, பகல் முழுக்க மயங்கித் தூங்குவது மனம் ஒட்டாததால் அல்ல. சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, நீர்ச்சத்துக் குறைவு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய தூக்க மாத்திரை என்று உடல் காரணம் இருக்கும். புது இடத்தில் கழிப்பறை தொலைவு என்று தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வார்கள், பலவும் அங்கிருந்துதான் தொடங்கும். அன்றே டாக்டரிடம் காட்டி ரத்தம், சிறுநீர் பரிசோதனை. "புது இடம், அப்படித்தான் இருக்கும்" என்று நர்ஸ் சொன்னாலும் விடாதீர்கள்.

எடையைக் குடியேறிய நாளில் குறித்து வையுங்கள், மாதம் ஒருமுறை பாருங்கள். ஒரு மாதத்தில் 5 விழுக்காடு, அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ குறைந்தால் மெஸ் பிடிக்கவில்லை என்று விட்டுவிடக் கூடாது. பல்செட், விழுங்குவதில் சிரமம், மனச்சோர்வு மூன்றையும் பார்க்க வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் அறையை விட்டு வராமல், குளிக்க மனமில்லாமல், பிடித்த சீரியலையும் விட்டுவிட்டால் மனநல மருத்துவரை அழையுங்கள். முதுமையில் மனச்சோர்வு பெரும்பாலும் மருந்துக்குக் கட்டுப்படும்.

யாருக்கு எது?

தம்பதி இருவரும் ஆறுக்கு ஆறு, சுறுசுறுப்பு உண்டு, வீட்டு நிர்வாகம் மட்டும் அலுத்துவிட்டது என்றால் தனிக் குடியிருப்பு, வாடகை, மூன்று மாத வெள்ளோட்டம். இவர்கள்தான் சீக்கிரம் ஒட்டுகிறவர்கள். எழுபதுகளின் தொடக்கத்தில் போனால் நண்பர்கள் கிடைப்பார்கள், எண்பத்தைந்தில் போனால் நர்ஸ் கிடைப்பார்.

ஒருவருக்கு முடியாமல், மற்றவர் பார்த்துக்கொள்பவராக இருந்தால், தேர்வை நோயாளியை வைத்து மட்டும் செய்யாதீர்கள். அப்பாவுக்காக அசிஸ்டட் லிவிங்கில் அம்மாவையும் ஓர் அறையில் அடைத்தால் அவரும் நோயாளியாகிவிடுவார். இரண்டு பிரிவும் ஒரே வளாகத்தில் உள்ள இடம் தேடுங்கள். அம்மா தனிக் குடியிருப்பில், அப்பா நடந்து போகும் தூரத்தில்.

துணையை இழந்த புதிதில், காரியம் முடிந்த கையோடு, மாற்றுவது வேண்டாம். பிள்ளைகளுக்கு லீவு இருக்கும்போதே முடித்துவிடலாம் என்ற வசதிக்காகச் செய்வது அது. பாதுகாப்புப் பிரச்சினை இல்லையென்றால் ஆறு மாதமாவது அந்த வீட்டிலேயே, ஆள் வைத்து, இருக்கட்டும். முடியாதென்றால் வீட்டை அப்படியே வைத்துவிட்டு வாடகைக்குப் போகட்டும்.

இரவில் மூன்று முறைக்கு மேல் ஆள் தேவை, ஆறில் இரண்டு மூன்றுதான் என்றால் அசிஸ்டட் லிவிங்குக்கும் வீட்டில் இரண்டு ஷிப்டுக்கும் இடையே செலவு நெருங்கி வரும். அருகிலேயே மேற்பார்வைக்கு ஒரு பிள்ளை இருந்தால் வீடு. எல்லோரும் வெளிநாடு என்றால் அசிஸ்டட் லிவிங். மேற்பார்வையில்லாத அட்டெண்டர் வீடு ஆபத்தானது.

மூன்று மாதம் முடிந்து "வேண்டாம்" என்று சொன்னால், சொன்னபடி அழைத்து வாருங்கள். அதற்கு முந்தைய மாதமே முன்னறிவிப்புக் கடிதம், மின்னஞ்சலிலும் ஒரு நகல். பழைய வீட்டில் கைப்பிடிக் கம்பி, இரவு விளக்கு, ஆள் மூன்றும் தயாரான பிறகுதான் வண்டி கிளம்ப வேண்டும். எதற்காகப் புறப்பட்டார்களோ அந்தக் குளியலறை, திரும்பும்போது பழையபடியே இருக்கக் கூடாது.